வீட்டில் பேயா? மூட்டை கட்டும் முன் ஒரு சோதனை

“டீச்சர், எங்கள் வீட்டில் ஏதோ இருக்கிறது. அம்மா வேறு வீடு தேடிக்கொண்டிருக்கிறார்.”

சுபாங் ஜெயாவில் வசிக்கும் படிவம் மூன்று மாணவி ஒருத்தி, பாடம் முடிந்ததும் என்னிடம் வந்து இப்படிச் சொன்னாள். அது ஒரு பழைய இரட்டைமாடி வரிசை வீடு. குடிவந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. இரவில் தலைக்கு மேலே யாரோ நடக்கிறார்கள். கூரை ‘டக் டக்’ என்று தட்டுகிறது. ஒருமுறை விடியற்காலையில் விழித்தபோது நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருந்ததாம். கத்த முயன்றும் குரல் வரவில்லை.

மாணவர்களே, உங்கள் நண்பர் இப்படிச் சொன்னால் என்ன செய்வீர்கள்? சிலர் சிரிப்பார்கள். சிலர் இன்னும் இரண்டு பேய்க்கதைகளைச் சேர்த்துச் சொல்வார்கள். இரண்டுமே உதவாது. அவள் கேட்ட சத்தம் உண்மை. அவள் பயமும் உண்மை. காரணம் என்ன என்பது மட்டுமே இன்னும் தெரியாது. அதைத் தேடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

பேய் வீட்டை ஆராய்ந்த கண் மருத்துவர்

1921ஆம் ஆண்டு, அமெரிக்கக் கண் மருத்துவ இதழ் ஒன்றில் வில்லியம் வில்மர் என்ற கண் மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு குடும்பத்தின் அனுபவம் இடம்பெற்றிருந்தது. அவர்களின் பெயரை வெளியிடாமல் ‘எச்’ என்ற எழுத்தால் மட்டும் குறிப்பிட்டார்.

அந்தக் குடும்பம் 1912ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஒரு பெரிய பழைய வீட்டில் குடியேறியது. சில நாட்களிலேயே எல்லார் மனத்திலும் இனம்புரியாத சோர்வு. ஆளில்லாத அறைகளில் காலடிச் சத்தம் கேட்டது. கணவருக்குத் தன் பின்னால் யாரோ நிற்பது போன்ற உணர்வு. பிள்ளைகள் வெளுத்து, பசியில்லாமல், தலைவலியோடு கிடந்தார்கள்.

அங்கே முன்பு குடியிருந்தவர்களிடம் விசாரித்தார்கள். அவர்களும் இதே போன்ற அனுபவங்களைச் சொன்னார்கள். படுக்கையைச் சுற்றி உருவங்களைக் கண்டவர்களும் இருந்தார்கள். இன்னும் பின்னோக்கிப் போனால், அங்கே வாழ்ந்த ஏறக்குறைய எல்லாருமே காரணம் தெரியாத நோயால் அவதிப்பட்டிருந்தார்கள்.

கடைசியில் உறவினர் ஒருவருக்குச் சந்தேகம் வந்தது. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் உலையைச் சோதிக்கச் சொன்னார். உலை பழுதாகியிருந்தது. புகைபோக்கி வழியாக வெளியேற வேண்டிய வாயு, வீட்டுக்குள்ளேயே பரவிக்கொண்டிருந்தது. அதில் இருந்தது கார்பன் மோனாக்சைடு.

சுவாசம் பற்றிய பாடத்தில் ஹீமோகுளோபினைப் படித்திருப்பீர்கள். இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்வது அதுதான். கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஹீமோகுளோபினுடன் ஒட்டிக்கொள்ளும். பள்ளிப் பேருந்தின் இருக்கைகளை வேறு யாரோ பிடித்துக்கொண்டு இறங்க மறுப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜனுக்கு இடமில்லை. மூளைக்கு ஆக்சிஜன் குறைந்தால் தலைவலி, குமட்டல், மயக்கம், குழப்பம் எல்லாம் வரும். இல்லாததைக் காண்பதும் கேட்பதும்கூட நேரலாம். அளவு கூடினால் உயிர் போகும். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். பழைய குடியிருப்பாளர்கள் வீட்டை விட்டுப் போனார்கள், அவர்கள் தப்பித்தார்கள். ஆனால் உலை அங்கேயே இருந்தது. அடுத்து வந்த பிள்ளைகள் அதே காற்றைச் சுவாசித்தார்கள். ‘பேய்’ என்று பெயர் வைத்ததும் தேடல் நின்றுவிடுகிறது. அதில்தான் ஆபத்து.

நம் ஊர்க் கூரைக்கு மேல்

நம் நாட்டில் வீட்டைச் சூடாக்கும் உலை கிடையாது. ஆனால் நமக்கென்று சில ‘பேய்கள்’ உண்டு.

முதலாவது, வெயில். பகலில் கூரை ஓடும் அதைத் தாங்கும் சட்டங்களும் சூடேறி விரிவடைகின்றன. இரவில் சுருங்குகின்றன. ஓடு, மரம், இரும்பு ஆகியவை ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. ஒன்றோடொன்று இறுகிப் பிடித்திருக்கும் பாகங்கள் திடீரென்று வழுக்கும்போது ‘டக்’ என்ற ஓசை எழும். வெயில் கொளுத்திய நாளின் இரவில் இது அதிகம் கேட்கும்.

இரண்டாவது, குழாய். அடுக்குமாடி வீடுகளில், மேல்மாடியில் யாரோ கோலிக்குண்டு உருட்டுவது போன்ற சத்தத்தைக் கேட்காதவர்கள் குறைவு. இதில் தண்ணீர்க் குழாய் மேல் சந்தேகப்படலாம். ஓடும் தண்ணீரைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்த அலை ஒன்று குழாய்க்குள் பாய்ந்து மோதும். குழாய் அதிர்ந்து சுவரைத் தட்டும். சுவர்கள் வழியாக ஒலி பரவுவதால், அது எங்கிருந்து வருகிறது என்று காதால் சரியாகச் சொல்ல முடியாது.

மூன்றாவது, மரநாய். மலாய் மொழியில் ‘முசாங்’. சுபாங் ஜெயா 1970களில் தோட்ட நிலத்தில் எழுந்த நகரம். பழமரங்களும் பழைய கூரைகளும் இருக்கும் இடத்தில் மரநாய் வசதியாக வாழும். பகலில் தூங்கி இரவில் நடமாடும். அதன் உடலிலிருந்து பாண்டான் இலையின் வாசனை வருவதால் ‘முசாங் பாண்டான்’ என்ற பெயரும் உண்டு. நள்ளிரவில் காலடிச் சத்தமும் எங்கிருந்தோ ஒரு நறுமணமும் சேர்ந்து வந்தால் யாருக்குத்தான் பயம் வராது?

நான்காவது, நம் தூக்கம். கனவு காணும் வேளையில், நாம் எழுந்து ஓடிவிடாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. சில சமயம் தசைகள் விடுபடும் முன்பே நாம் விழித்துக்கொள்கிறோம். கண் திறந்திருக்கும், உடல் அசையாது, நெஞ்சு அழுத்தும், கனவின் மிச்சம் அறையில் நிற்கும். இதற்குத் தூக்க முடக்கம் என்று பெயர். நம் பாட்டிமார் இதை ‘அமுக்குவான் பேய்’ என்பார்கள். மலாய் நண்பர்கள் ‘கெனா திண்டே’ என்பார்கள். தூக்கம் குறைந்த நாட்களிலும் மல்லாந்து படுக்கும்போதும் இது அதிகம் வரும். ஒன்றிரண்டு நிமிடத்தில் தானே விலகிவிடும்.

அந்த மாணவி என்ன செய்தாள்?

அவளிடம் ஒரு நோட்டுப்புத்தகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன். எது நடந்தாலும் நேரம், இடம், அன்றைய வானிலை, யார் கேட்டார்கள் என்று எழுத வேண்டும். ‘பேய்’ என்ற சொல்லை மட்டும் எழுதக்கூடாது.

இரண்டு வாரத்தில் ஒரே ‘பேய்’ மூன்றாகப் பிரிந்தது. ‘டக்’ சத்தம் வெயில் நாட்களில் மட்டும், இரவு எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள் வந்தது. காலடிச் சத்தம் நள்ளிரவுக்குப் பின், எப்போதும் பின்பக்க அறையிலிருந்து முன்பக்கம் நோக்கிப் போனது. அப்பா பகலில் உட்கூரைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். பழக்கொட்டைகள் நிறைந்த எச்சம் கிடந்தது. ஓடு ஒன்று விலகியிருந்தது. நெஞ்சை அமுக்கிய இரவு? அன்று அவள் தேர்வுக்காக அதிகாலை இரண்டு மணிவரை படித்திருந்தாள்.

மரநாய் வெளியேறிவிட்டதையும், உள்ளே குட்டிகள் இல்லை என்பதையும் உறுதிசெய்த பிறகு ஓட்டையை அடைத்தார்கள். அதன்பின் காலடிச் சத்தம் கேட்கவில்லை. சில மாதங்களுக்குப் பிறகு, அப்பாவின் வேலை காரணமாக அந்தக் குடும்பம் வேறு வீட்டுக்கு மாறியது. ஆனால் போகும் முன் கூரையைப் பற்றி வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். வில்மர் எழுதிய அந்த வீட்டின் பழைய குடியிருப்பாளர்கள் உலையைச் சோதித்து, அடுத்தவர்களுக்குச் சொல்லியிருந்தால்?

உடனே வெளியேற வேண்டிய நேரம்

நோட்டுப்புத்தகத்துக்கெல்லாம் காத்திருக்கக் கூடாத ஒரு நிலையும் உண்டு. வீட்டில் உள்ள பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் வருகிறது. வெளியே போனால் குறைகிறது. திரும்பி வந்தால் மீண்டும் வருகிறது என்றால், எல்லாரும் உடனே திறந்த வெளிக்கு வாருங்கள். 999ஐ அழையுங்கள். மூடிய அறையில் கரி அடுப்பு, வீட்டுக்குள் ஓடும் ஜெனரேட்டர், மூடிய இடத்தில் நிறுத்தி ஓடவிட்ட கார், காற்றோட்டமில்லாத குளியலறையில் எரிவாயு வெந்நீர்க் கருவி ஆகியவை கார்பன் மோனாக்சைடு சேரக்கூடிய இடங்கள்.

இன்னொன்று. பேயை விரட்டுவதாக நினைத்துக் கதவு, சன்னல்களை மூடிக்கொண்டு கரித்தணலில் சாம்பிராணி போடாதீர்கள். எரியும் கரியும் அதே வாயுவைத்தான் வெளியிடுகிறது. சாம்பிராணி போடுங்கள், சன்னலைத் திறந்து வைத்துப் போடுங்கள்.

இந்த வாரம் செய்து பாருங்கள்

ஏழு இரவுகள், உங்கள் வீட்டில் கேட்கும் காரணம் தெரியாத ஒவ்வோர் ஓசையையும் எழுதுங்கள். நேரம், இடம், வெயிலா மழையா, அப்போது குழாயில் தண்ணீர் ஓடியதா என்று நான்கு கட்டங்கள் போதும். எட்டாம் நாள் பட்டியலைப் பார்த்து, எது எதனுடன் சேர்ந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். கூரை மேல் மட்டும் நீங்களே ஏறாதீர்கள், பெரியவர்களிடம் சொல்லுங்கள்.