நாவற்பழத்தின் கறுப்பு

ஆனி மாதம் பிறந்து விட்டால் நாகூர்த் தெருக்களில் "நாவப்பழம், நாவப்பழமே!" என்ற கூவல் கேட்கத் தொடங்கும். வெட்டாற்றங்கரைக் கிராமங்களிலிருந்து கூடைக்காரிகள் விடியற்காலையிலேயே வந்து, தர்காவுக்குப் போகும் வழியில் இடம் பிடித்து உட்கார்ந்து விடுகிறார்கள். முன்பெல்லாம் ஆழாக்கினால் அளந்து, மேலே ஒரு சிட்டிகை உப்பைத் தூவி இலையில் வைத்துக் கொடுப்பார்கள். இப்போது தராசும் பிளாஸ்டிக் பையும் வந்து விட்டன. உப்பு மட்டும் மாறவில்லை. நம் வகுப்புப் பிள்ளைகள் வரும் வழியில் எங்கே நின்றார்கள் என்று நாம் விசாரிப்பதே கிடையாது. நாக்கை நீட்டச் சொன்னால் போதும்.

சென்ற வருஷம் இப்படி ஒரு கூடையண்டை நிற்கையில், ஜவுளிக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் நம்மைப் பிடித்துக் கொண்டார். பத்து வருஷமாக நீரிழிவுக்காரர். "ஸார், நீங்கள் படித்தவர், சொல்லுங்கள். நாவற்கொட்டைப் பொடி சாப்பிடுகிறேன், பழமும் தின்கிறேன். இந்தக் கறுப்பிலேயே மருந்து இருக்கிறதாமே! இனி மாத்திரை எதற்கு?" என்று கேட்டார். "டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தி விடாதீர்கள், பாய்" என்று மட்டும் சொல்லி விட்டு வந்தோம். அவர் நிறுத்தி இரண்டு மாதமாகி விட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் கேட்ட கேள்விக்கு ஒழுங்கான விடை தேட வேண்டும் என்று அன்றுதான் தோன்றியது.

கறுப்பு என்கிறோமே, அது உண்மையில் கறுப்பு அல்ல. இதை வீட்டிலேயே பரீட்சித்துப் பார்க்கலாம். நாலைந்து பழங்களைக் கசக்கி, நீர் விட்டு வடிகட்டி, இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் ஊற்றிக் கொள்ளுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் சாறு பளிச்சென்று சிவக்கும். மற்றதில் தெளிந்த சுண்ணாம்பு நீரைத் துளித் துளியாக விட்டால் நீலம் ஏறி, பிறகு பச்சை தட்டும். பிள்ளைகளுக்கு இதைக் காட்டும் நாளில் வகுப்பில் வருகைக் குறைவே இருப்பதில்லை. இவ்வாறு நிறம் மாறும் பொருளுக்கு 1835-ல் மார்க்வார்ட் என்ற ஜெர்மானியர் 'ஆந்தோசயனின்' என்று பெயரிட்டார். கிரேக்க பாஷையில் 'பூ' என்பதும் 'நீலம்' என்பதும் சேர்ந்த சொல் அது. கத்தரிக்காய்த் தோலிலும் களாப்பழத்திலும், இப்போது பிரபலமாகி வரும் கறுப்புக் கவுனி அரிசியின் தவிட்டிலும் இதே இனத்துப் பொருள்தான் இருக்கிறது. பறவைகளைக் கவர்ந்து விதையைப் பரப்பவும், கடும் வெயிலிலிருந்து தன்னைக் காத்துக் கொள்ளவும் செடி இதை உண்டாக்குகிறது. நம் நீரிழிவை உத்தேசித்து அல்ல!

தாவர நிறங்களின் ரசாயனத்தில் நம் காவேரிக் கரைக்கும் ஒரு பங்கு உண்டு. 1900-ல் குளித்தலையில் பிறந்த டி. ஆர். சேஷாத்ரி, மான்செஸ்டர் சென்று ராபர்ட் ராபின்ஸனிடம் பயின்றார். ஆந்தோசயனின்களை ஆய்வுச்சாலையிலேயே உண்டாக்கிக் காட்டியவர்களில் ராபின்ஸன் முதன்மையானவர். 1947-ல் நோபல் பரிசு பெற்றார். சேஷாத்ரி தாய்நாடு திரும்பி, முதலில் ஆந்திர சர்வகலாசாலையிலும் பின்னர் டில்லியிலும், பூவிலும் பட்டையிலும் உள்ள நிறப் பொருள்களை ஆராய்வதிலேயே ஆயுளைக் கழித்தார். 1960-ல் லண்டன் ராயல் சொஸைடி அவரை அங்கத்தினராக்கியது. குளித்தலை வழியாக எத்தனையோ முறை ரயிலில் போயிருக்கிறோம். இவர் பெயரைச் சொல்லி யாரும் ஜன்னல் பக்கம் கை காட்டியதில்லை.

இனி, தேகத்துக்கு இதனால் என்ன பலன்? சோதனைக் குழாயில் இந்த நிறப் பொருள் பிராண வாயுவின் கெடுதலை வெகு நன்றாகத் தடுக்கிறது. இதைக் கொண்டு பழங்களுக்கு மார்க்குப் போட்டு அமெரிக்க விவசாய இலாகா ஒரு பெரிய ஜாபிதாவே வெளியிட்டிருந்தது. வியாபாரிகளுக்குக் கேட்க வேண்டுமா? டப்பாவுக்கு டப்பா அந்த மார்க்கை அச்சிட்டார்கள். சோதனைக் குழாயில் நடப்பது மனித தேகத்தில் அப்படியே நடக்கிறது என்பதற்கு ஆதாரமில்லை என்று சொல்லி, 2012-ல் அதே இலாகா அந்த ஜாபிதாவை எடுத்து விட்டது. பழத்திலுள்ள நிறப் பொருளில் பெரும் பகுதி அப்படியே இரத்தத்தில் சேர்வதில்லை. குடலிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து வேறு பொருள்களாக்குகின்றன. அவற்றால்தான் நன்மையோ என்று இப்போது ஆராய்கிறார்கள்.

நம்பிக்கைக்கு இடமே இல்லை என்பதும் அல்ல. அமெரிக்காவில் 93,600 பெண்களைப் பதினெட்டு வருஷ காலம் கவனித்து 2013-ல் வெளியான ஆராய்ச்சியில், ஆந்தோசயனின் மிகுந்த உணவை அதிகம் உண்டவர்களுக்கு மாரடைப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. ஆனால் அவர்கள் தின்றவை புளூபெரியும் ஸ்டிராபெரியும், நாவல் அல்ல. தவிர, வாரம் மூன்று முறை பழம் வாங்கித் தின்பவர் வேறு விஷயங்களிலும் உடம்பைப் பேணுகிறவராக இருக்கலாம். ஆராய்ச்சிக்காரர்கள் இதற்கெல்லாம் கணக்கில் இடம் விட்டுத்தான் பார்த்தார்கள். என்றாலும், பழம் காரணமா, பழம் தின்பவரின் வாழ்க்கை காரணமா என்ற சந்தேகம் முற்றும் தீர்வதில்லை.

நாவலுக்கும் நீரிழிவுக்கும் உள்ள உறவோ பழையது. நம் நாட்டு வைத்தியர்கள் கொட்டையைப் பொடி செய்து கொடுத்து வந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய வைத்தியர்களும் அதை வரவழைத்து நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வேறு நல்ல மருந்து அப்போது இருக்கவில்லை. 1922 ஜனவரியில் டொராண்டோ நகரில் பதினாலு வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்ஸுலின் ஏற்றினார்கள். அதன் பிறகு மேல்நாட்டில் நாவற்கொட்டையைத் தேடுவார் இல்லை. எலிகளுக்குக் கொட்டைச் சத்தைக் கொடுத்தபோது பல ஆராய்ச்சிகளில் சர்க்கரை குறைந்தது உண்மை. ஆனால் நாவலிலைத் தேநீர் நீரிழிவுக்குப் பெயர் பெற்ற பிரேஸில் தேசத்தில், நோயாளிகளுக்கே அதைக் கொடுத்துச் சோதித்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை குறைந்தது. தேநீர் குடித்தவர்களுக்குக் குறையவில்லை. இலை வேறு, கொட்டை வேறு என்று வாதிக்கலாம். சரி, கொட்டையையும் அதே போல் பெரிய அளவில், ஒளிவு மறைவின்றிச் சோதிக்கட்டும். சுட்ட பழமா சுடாத பழமா என்று ஔவையையே திகைக்க வைத்த மரமல்லவா? நாமும் சற்றுப் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும்.

2023-ல் வெளியான கணக்குப்படி இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுக்காரர்கள். அவர்களுக்கு விலாசம் இல்லாத பொட்டலத்தில் பொடி விற்கிறவனை மறிப்பார் யாருமில்லை. நம் ஜவுளிக் கடை நண்பரின் காலில் செருப்புக் கடித்த சிறு புண் ஆறவில்லை. பொடியை நம்பி நாலு மாதம் இருந்து விட்டார். கடைசியில் ஆஸ்பத்திரியில் ஒரு விரலை எடுத்தார்கள். பொடி விஷமல்ல, அது அவருடைய மாத்திரையின் இடத்தில் போய் உட்கார்ந்து கொண்டதுதான் கேடு.

பழத்தைப் பற்றி நமக்கு ஒரு வருத்தமும் இல்லை. கடல் கடந்து வரும் புளூபெரி சின்னஞ்சிறு டப்பாவில் நூற்றுக்கணக்கான ரூபாய்க்கு விற்கும்போது, அதே இனத்து நிறப் பொருள் நம் ஆற்றங்கரையில் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கிறது. நாவற்பழத்திலும் சர்க்கரை உண்டு என்பதை நீரிழிவுக்காரர்கள் மறக்கக் கூடாது. கொட்டைப் பொடி சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் சொல்லி விடுவது அவசியம்.

இந்த வருஷம் ஆனியில் நண்பரை அதே இடத்தில் பார்த்தோம். கைத்தடியுடன் வந்திருந்தார். காலையில் ஊசி போட்டுக் கொண்டாயிற்றாம். டாக்டர் பத்துப் பழத்துக்கு உத்தரவு கொடுத்திருக்கிறார் என்று சொல்லி, ஒவ்வொன்றாக எண்ணி வாங்கினார். பதினோராவதைக் கூடைக்காரி கொசுறாகப் போட்டபோது நம் முகத்தைப் பார்த்தார். நாம் தர்கா மினாராவின் பக்கம் திரும்பிக் கொண்டோம்.