பிள்ளையோடு அவசரமாக வருகிற வாடிக்கையாளர்



மாலை 4 மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து 6 மணி வரை நம் மளிகைக் கடைகளில் நடக்கும் வியாபாரம் ஒரு தனி ரகம். காலையில் வருகிறவர் கால் கிலோ தக்காளி, ஒரு கட்டு கொத்தமல்லி என்று வாங்கிக்கொண்டு போய்விடுவார். மாதச் சாமான் சிட்டையோடு வருகிறவர் நின்று நிதானமாக விலை கேட்டு வாங்குவார். மாலை நேரத்து ஆள் இந்த இரண்டிலும் சேர்த்தி இல்லை. ஸ்கூட்டரில் முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை, தோளில் பிள்ளைகளின் புத்தகப் பை, காதுக்கும் தோளுக்கும் நடுவே செல்போன். 5 மணிக்கு டியூஷனில் விட வேண்டும், அதற்குள் ராத்திரிச் சமையலுக்குச் சாமான் வாங்க வேண்டும். இப்படி வருகிறவரிடம் ஏதாவது ஒன்று தவறத்தான் செய்யும். பை மாறும், பணம் குறையும், பிள்ளை எதையாவது தள்ளி உடைக்கும், வண்டிச் சாவி தராசுப் பக்கத்திலேயே கிடக்கும். தாய்மார் மட்டும் என்றில்லை. இப்போது தகப்பன்மாரும் நிறையவே வருகிறார்கள்.

ஜி.எஸ்.டி., உணவுப் பாதுகாப்புப் பதிவு, எடைக்கல் முத்திரை என்று எழுத எத்தனையோ இருக்கும்போது இது ஒரு விஷயமா என்று சிலர் நினைக்கக்கூடும். விஷயம்தான். வாடிக்கை கைவிட்டுப் போவதற்கு விலையும் தரமும்தான் காரணம் என்று நாம் பழகிவிட்டோம். அவை இரண்டும் காரணமாக இருந்தால் நமக்குத் தெரிந்துவிடும். கோபித்துக்கொண்டு போகிறவர் சொல்லிவிட்டுத்தான் போவார். வெட்கப்பட்டுப் போகிறவர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். மறுநாளிலிருந்து எதிர்ப்பக்கமாக நடந்து போவார், அவ்வளவுதான். அதிலும் இன்று அவருக்கு எதிர்ப்பக்கத்துக் கடைகூடத் தேவையில்லை. பெரிய ஊர்களில் செல்போனில் தட்டினால் சாமான் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. அங்கே அவர் முகத்தைப் பார்க்கவும் ஆள் இல்லை, அவரைப் பார்த்துச் சிரிக்கவும் ஆள் இல்லை.

என்னிடம் சரக்கெடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவரின் கடையில் 2022-இல் நடந்ததைச் சொல்கிறேன். ஊர், பேர் வேண்டாம். மதுரைக்கு வடக்கே ஒரு சிற்றூர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2019 ஜனவரி முதல் தமிழக அரசு பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது. சாமான் சிட்டையையும் பையையும் காலையில் கொடுத்துவிட்டுப் போய், மாலையில் கட்டி வைத்ததை எடுத்துக்கொள்ளும் பழைய வழக்கம் அந்தக் கடையில் மறுபடி சூடு பிடித்தது. நல்ல வழக்கம்தான். ஆனால் ஊரில் உள்ள மஞ்சள் பைகளில் பாதி ஒரே ஜவுளிக் கடையின் பையாக இருந்தால் என்ன ஆகும்?

இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தாயான ஒரு அம்மா, ஒரு வெள்ளிக்கிழமை மாலை பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு வந்து, இறங்கின வேகத்தில் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அரை மணி கழித்து ஒரு பெரியவர் வந்தார். மறுநாள் அவர் வீட்டில் கருமாதி. மிச்சம் இருந்த பையை அவர் எடுத்துக்கொண்டு போனார். வீட்டுக்குப் போய்ப் பையைப் பிரித்தால், அந்த அம்மா வீட்டில் எள்ளும் பச்சரிசியும் சூடமும் சாம்பிராணியும். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் இதெல்லாம் வீட்டுக்குள் வந்ததென்று மாமியார் பிடித்துக்கொண்டார். அங்கே கருமாதி வீட்டில், உறவினர் நிறைந்த கூடத்தில் பாயை விரித்துப் பையைக் கொட்டியிருக்கிறார்கள். நூடுல்ஸ் பாக்கெட், பிஸ்கட், அரைக் கிலோ சர்க்கரை, அதோடு நாம் செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்போமே, பெண்கள் மாதந்தோறும் வாங்கும் அந்தப் பொருளும். (2018 ஜூலையில் வரியே எடுத்துவிட்ட பொருள் அது. இன்னும் நாம் ஏதோ கள்ளச் சரக்கைப் போலத்தான் சுற்றிக் கொடுக்கிறோம். அது வேறு கதை.)

கடைக்காரர் விவரமானவர். செய்தி வந்ததும் கல்லாவை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு தானே இரண்டு வீட்டுக்கும் போனார். “எங்க கடையில மாத்தி வச்சுட்டாங்க, மனசுல வச்சுக்காதீங்க” என்று இரண்டு இடத்திலும் ஒரே வார்த்தையைச் சொல்லி, பைகளை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த அம்மா எடுத்த எடுப்பில் நடந்தது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா மறுபடியும் சாமான் வாங்க வந்தார். கல்லா முன்னால் நாலைந்து பேர் நிற்கிறார்கள். பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த பையன் சிரித்துக்கொண்டே, “அக்கா, இன்னைக்காவது பையப் பார்த்து எடுங்க. அன்னைக்குக் கருமாதி வீட்டுல ஒரே சிரிப்பாம்” என்றான். கெட்ட எண்ணம் கிடையாது. வாடிக்கைக்காரரிடம் உரிமையாகப் பேசுவதாக அவன் நினைப்பு. அந்த அம்மாவும் சிரித்தார், பணத்தைக் கொடுத்தார், போனார். அதற்குப் பிறகு வரவில்லை.

மாதம் ஐயாயிரம், ஆறாயிரத்துக்குக் குறையாத வீடு. முதல் மாதம் ஊருக்குப் போயிருப்பார்கள் என்று கடைக்காரர் நினைத்தார். இரண்டாம் மாதம், பஸ் ஸ்டாண்டு பக்கம் திறந்த புதுக் கடைக்குப் போய்விட்டார்கள் என்று முடிவு கட்டினார். என்னிடம் வந்து எண்ணெய் விலையில் ஏதாவது இறக்கித் தர முடியுமா என்று கேட்டார். முடிந்ததைச் செய்தேன். அவரும் தன் பங்குக்கு லிட்டருக்கு இரண்டு ரூபாய் இறக்கி விற்றார். வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு லாபம். போனவர் வரவில்லை. பல மாதம் கழித்து, அவர் மனைவி கோயிலில் அந்த அம்மாவை எதேச்சையாகப் பார்த்துப் பேசியபோதுதான் காரணம் தெரிந்தது. பை மாறியதில் அவருக்கு வருத்தமே இல்லை. கடைக்காரர் வீடு தேடி வந்து மாற்றிக் கொடுத்ததைப் பெருமையாகத்தான் சொல்லியிருக்கிறார். நாலு பேர் நடுவில் பையன் பேசியதுதான் தைத்துவிட்டது.

இப்போது அந்தக் கடையில் சோப்புப் பெட்டி அட்டையைச் சிறு சிறு துண்டாக வெட்டி, பேரும் தெருவும் எழுதிச் சணலில் பைக் காதில் கட்டி வைக்கிறார்கள். செலவே இல்லாத ஏற்பாடு, பை மாறுவது நின்றுவிட்டது. அந்த அம்மா வரவில்லை. மூத்த பெண் மட்டும் நோட்டுக்கு அட்டை போட பிரவுன் தாள் வாங்க எப்போதாவது வருகிறதாம்.

பணம் குறைகிற விஷயம் இதைவிட அடிக்கடி நடப்பது. பில் 640 என்கிறோம், கையில் 600 இருக்கிறது. பின்னால் வரிசை நிற்கிறது. பிள்ளை சட்டையைப் பிடித்து இழுக்கிறது. அந்த நேரத்தில் “எதை எடுத்துடட்டும்?” என்று உரக்கக் கேட்கிற கடைகள் நம்மில் எத்தனை! தெரிந்த முகமாக இருந்தால் “நாளைக்குக் கொடுங்கம்மா” என்று சாமானை நகர்த்திவிட்டு அடுத்தவரைக் கவனிப்பதே முறை. பற்று நோட்டை அவர் முன்னால் விரித்து எழுத வேண்டியதில்லை, போன பிறகு எழுதிக்கொள்ளலாம். இன்னொன்று: அந்த நாற்பது ரூபாயைக் கேட்டு வீட்டுக்கு ஆள் அனுப்பாதீர்கள். வீட்டில் யார் இருப்பார்கள், அவர்களிடம் இந்த அம்மா என்ன சொல்லியிருப்பார் என்று நமக்குத் தெரியாது.

யு.பி.ஐ. வந்த பிறகு இந்தச் சங்கடம் புது உருவம் எடுத்திருக்கிறது. பணம் வந்தால் கல்லாவில் இருக்கும் ஸ்பீக்கர் பெட்டி தெரு முழுக்கக் கேட்கச் சொல்கிறது. ஆகவே வராவிட்டால் அதன் மௌனமும் தெரு முழுக்கக் கேட்கிறது. “என் கணக்குல கழிஞ்சிடுச்சு அண்ணாச்சி” என்கிறார் அவர். “இங்க வரலையே” என்கிறோம் நாம். இரண்டுமே உண்மையாக இருக்க வாய்ப்புண்டு. இதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதி செய்திருக்கிறது. வாங்குகிறவர் கணக்கில் கழிந்து, கடைக்கு உறுதி கிடைக்காமல் போனால், அந்த நாள் போக 5 நாட்களுக்குள் பணம் தானாகவே அவர் கணக்குக்குத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் வங்கி இழப்பீடு தர வேண்டும். இதை ஒரு அட்டையில் தமிழில் எழுதிக் கல்லாப் பக்கம் ஒட்டி வையுங்கள். “பணம் எங்கேயும் போகாதும்மா” என்று காட்டிச் சொன்னால் அவர் முகம் தெளிந்துவிடும். அவர் செல்போனில் காட்டும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்காக, முன்பின் தெரியாதவர் காட்டும் படத்தை நம்பிச் சரக்கை விட்டுவிடச் சொல்லவில்லை. போலிப் படம் காட்டி ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். எப்போதும் நம் செல்போனில் நம் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். அதை முகம் சுளிக்காமலும் பார்க்கலாம், குரலை உயர்த்தாமலும் சொல்லலாம்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். நாலு வயதுப் பிள்ளை மிட்டாயை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறது. பார்த்த பையன் “ஏய் திருடா” என்று விளையாட்டாகச் சொல்கிறான். தாய்க்கு அது விளையாட்டாகப் படாது. நம் கண் முன்னாலேயே பிள்ளைக்கு ஒரு அறை விழுகிறது. சட்டப்படியே ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளை செய்வது எதுவும் குற்றம் ஆகாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 82-ஆம் பிரிவு சொன்னதை, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 20-ஆம் பிரிவும் சொல்கிறது. மிட்டாய் ஸ்டாண்டை அந்த உயரத்தில் வைக்கச் சொல்வதே கம்பெனிக்காரர்தான், வைத்தது நாம்தான். பிள்ளையின் கைக்கு எட்ட வேண்டும், அது அழ வேண்டும், தாய் வாங்க வேண்டும் என்பதுதானே கணக்கு! அந்தக் கணக்கில் சில மிட்டாய் சட்டைப் பைக்குள் போவதும் சேர்ந்ததுதான்.

உடைந்த பாட்டில் அப்படியல்ல, அதில் நமக்கு மெய்யான நஷ்டம் உண்டு. உடைந்ததைக் கம்பெனிக்காரர் பெரும்பாலும் திரும்ப எடுப்பதில்லை. ஒரு ஜாம் பாட்டில் உடைந்தால் அந்தக் காசை எடுக்க எத்தனை பாட்டில் விற்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். ஆகவே காசே வாங்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பலர் தாமாகவே கொடுத்துவிடுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், முடிந்தால் அசல் விலைக்கு. முதலில் பிள்ளையின் காலில் கண்ணாடி குத்தியதா என்று பாருங்கள், பிறகு காசைப் பற்றிப் பேசலாம். கண்ணாடி பாட்டில்களை இடுப்புக்கு மேலே உள்ள தட்டுக்கு ஏற்றிவிட்டால் பாதிச் சங்கடம் குறையும். கீழ்த்தட்டில் சோப்பும் உப்பும் இருக்கட்டும்.

பிள்ளையையே விட்டுவிட்டுப் போவதும் உண்டு. கேட்டால் சிரிப்பீர்கள். 2012-இல் இங்கிலாந்துப் பிரதமராக இருந்த டேவிட் கேமரூன் தம்முடைய எட்டு வயது மகளை ஒரு கிராமத்து விடுதியில் விட்டுவிட்டு வீடு போய்ச் சேர்ந்த செய்தி உலகம் முழுக்க வந்தது. அவர் ஒரு காரில், மனைவி இன்னொரு காரில். பிள்ளை மற்றவரோடு இருக்கிறது என்று இருவருமே நினைத்திருக்கிறார்கள். மெய்க்காவலர் இருந்தும் நடந்தது. நம் ஊரில் கணவர் பைக்கிலும் மனைவி ஸ்கூட்டரிலும் வந்து சாமான் வாங்கிப் பிரிந்து போகும்போது நடப்பதும் இதேதான். அப்படி ஒரு பிள்ளை நின்றால் கல்லாவுக்குப் பக்கத்தில், தெருவில் போகிறவர் கண்ணில் படும்படி உட்கார வையுங்கள். தேடி வெளியே கூட்டிப் போக வேண்டாம். தேடுகிறவர் முதலில் கடைக்குத்தான் ஓடி வருவார். வந்து “நான்தான் சித்தப்பா” என்று சொல்கிற எவரிடமும் ஒப்படைக்காமல், பிள்ளை யாரிடம் தானாகப் போகிறது என்று பாருங்கள். நேரமாகியும் யாரும் வராவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது, காவல் நிலையம் இருக்கிறது. தாய் வந்து சேரும்போது அழுதுகொண்டுதான் வருவார். அவருக்கு அப்போது தேவைப்படுவது ஒரு டம்ளர் தண்ணீர். “இப்படியா பிள்ளையை விட்டுட்டுப் போறது” என்று கேட்க வீட்டில் ஆள் இருப்பார்கள்.

மறந்து விட்டுப்போகும் சாமான்களுக்குக் கல்லாவுக்குக் கீழே ஒரு அட்டைப் பெட்டி போதும். தேதியும் நேரமும் ஒரு சீட்டில் எழுதிச் சேர்த்துப் போடுங்கள். சாவி, மூக்குக் கண்ணாடி, டிபன் பாக்ஸ், குடை என்று நிறையச் சேரும். கேட்டு வருகிறவரிடம் அடையாளம் கேட்டுக் கொடுங்கள். பள்ளிப் பிள்ளையின் ஒற்றை ஷூ கிடந்தால் அதையும் எடுத்து வையுங்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு முன்னால் தேடிக்கொண்டு வருவார்கள்.