மஞ்சள் வெல்லமும் மினுக்குப் பருப்பும்

ஓட்டப்பிடாரம் வட்டாரக் கரிசல் காட்டில் புரட்டாசி, ஐப்பசியில் மானாவாரியாக விதைத்த பாசியும் உளுந்தும், வடகிழக்குப் பருவமழை கைகொடுத்த ஆண்டுகளில், பொங்கலுக்கு முன்னும் பின்னுமாகக் களத்துக்கு வந்து சேருகின்றன. பொங்கல் பானையில் அரிசிக்கு அடுத்தபடியாக விழுவது பாசிப்பருப்பு. எனவே இந்த வட்டாரத்து விவசாயி தன் காட்டுப் பாசியை உடைத்துத்தான் பொங்கல் இடுவார் என்று வெளியூர்க்காரர் நினைக்கக்கூடும். நடப்பது வேறு. களத்துப் பாசி மூட்டையாகக் கட்டப்பட்டு கோவில்பட்டிக்கோ தூத்துக்குடிக்கோ போய்விடுகிறது. பொங்கலுக்கு முதல் நாள் வீட்டுத் தாய்மார்கள் கடைக்குச் சென்று, பளபளவென்று மஞ்சளாக மின்னும் பருப்பை அரைக் கிலோ வாங்கி வருகிறார்கள். விற்றது தோலும் மண்ணும் ஒட்டிய சுத்தமான பண்டம். வாங்கியது எங்கே உடைக்கப்பட்டது, எதைக் கொண்டு மினுக்கப்பட்டது என்று தெரியாத பண்டம்.

பருப்பு ஆலைகளில் மினுக்குவதற்கு நீரும் எண்ணெயும் பயன்படுத்துவது வழக்கம். அதோடு நின்றால் கேடில்லை. பழைய பருப்பைப் புதிது போலக் காட்டச் சிலர் மாக்கல் தூளும், மெட்டானில் மஞ்சள் என்ற சாயமும் சேர்ப்பதுதான் தொல்லை. மெட்டானில் மஞ்சள் துணிக்கும் தோலுக்கும் ஏற்றும் சாயம். உணவில் சேர்க்கச் சட்டம் இடம் தரவில்லை. பருப்பைக் கண்ணாடித் தம்ளர் நீரில் போட்டுச் சற்று நேரம் வைத்தால், ஏற்றிய சாயம் நீரில் இறங்கக் காணலாம். தூள் பூசியிருந்தால் அடியில் வண்டலாகப் படியும். இயல்பான பருப்பிலும் நீர் சற்றே கலங்கும். ஆனால் கண்ணைப் பறிக்கும் மஞ்சள் இறங்காது.

இதற்கெல்லாம் எளிய மாற்று வீட்டிலேயே உள்ளது. ஒரு கிலோ பாசியை இளஞ்சூட்டில் வறுத்து, ஆறியபின் திருகையில் உடைத்துப் புடைத்தால் ஏறக்குறைய 700 கிராம் பருப்பு கிடைக்கும். தோல் சிறிது ஒட்டியிருக்கும். ஊறவைத்துக் கழுவினால் போய்விடும். திருகை பரணில் ஏறிவிட்ட வீடுகளில் மிக்சியில் விட்டு விட்டு ஓட்டியும் உடைக்கலாம். பொங்கலுக்குத் தேவை அரைக் கிலோ பருப்பு. அதற்கு ஒரு மூட்டையில் கைப்பிடி சிலவற்றை ஒதுக்கி வைப்பது பெரிய இழப்பாகாது. முழுப் பயறாக வைப்பதைவிட உடைத்து வைப்பதில் மற்றொரு லாபமும் உண்டு: பயறு வண்டு முழுப் பயறின் வழவழப்பான தோலில் முட்டையிடவே விரும்பும், உடைத்த பருப்பை அவ்வளவாக நாடாது.

நிறத்துக்குக் கொடுக்கும் விலை

வெல்லம் நம் காட்டில் விளைவதல்ல. கரும்பே இங்கு வெளியூர்ச் சரக்கு. வெல்லமும் சேலம், ஈரோடு, தருமபுரி போன்ற பகுதிகளிலிருந்து வருகிறது. ஆதலால் கடையில் பார்த்துத்தான் வாங்க வேண்டியுள்ளது. பார்ப்பது என்றால் எதைப் பார்க்கிறோம்? நிறத்தை. வெளிர் மஞ்சளாக இருந்தால் நல்ல வெல்லம், கருத்திருந்தால் மட்டம் என்பது எப்படியோ மனதில் பதிந்துவிட்டது.

கரும்புச் சாற்றைக் காய்ச்சினால் இயல்பாக வருவது பழுப்பு நிறம். ரகத்தையும் மண்ணையும் பொறுத்து அது கூடும் குறையும். உப்பு நீர் பாய்ந்த கரும்பில் வெல்லம் கருத்து, சற்று உவர்ப்பும் தட்டும். சாற்றில் உள்ள அழுக்கை எடுக்க அளவாகச் சுண்ணாம்பு நீரும், வெண்டைச் செடியின் தண்டைத் தட்டி ஊறவைத்த கொழகொழப்பு நீரும் சேர்ப்பது பழைய முறை. கொழகொழப்பு நீர் அழுக்கைத் திரட்டி மேலே கொண்டுவரும். அதை அரிகரண்டியால் எடுத்துவிடுவார்கள். இப்படி எடுத்தால் வெல்லம் தெளிவாக வரும், ஆனால் வெளுக்காது. வெளுக்க வைப்பது ஹைட்ராஸ் என்று வழக்கில் சொல்லும் சோடியம் ஹைட்ரோசல்பைட். கொதிக்கும் பாகில் இதைத் தூவினால் நிறம் உடனே வெளிர்ந்துவிடும். இதன் மிச்சம் கந்தக டை ஆக்சைடாக வெல்லத்தில் தங்குகிறது. வெல்லத்தில் இது 10 லட்சத்தில் 70 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. மிகுந்தால் ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சிரைப்பு வரும்.

ஹைட்ராஸ் இட்ட வெல்லத்தின் வெளுப்பு நிலைப்பதில்லை. சில வாரங்கள் போனால் மீண்டும் கருக்கத் தொடங்கிவிடும். வியாபாரிக்கு இது தெரியும். பொங்கலுக்கு முன் பத்து நாளில் சரக்கு விற்றுத் தீர்ந்துவிடும் என்பதும் தெரியும். வெள்ளைச் சர்க்கரை விலை இறங்கியிருக்கும் காலத்தில் அதை மூட்டை மூட்டையாகப் பாகில் கொட்டுவதும் உண்டு. சேலம் மாவட்டத்தில் பொங்கலை ஒட்டி உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் நடத்தும் சோதனைகளில், வெல்ல ஆலைகளில் சர்க்கரை மூட்டைகள் பிடிபடுவது ஒரு தடவை நடந்த செய்தியல்ல. சர்க்கரை நஞ்சல்ல; ஆனால் வெல்ல விலைக்குச் சர்க்கரையை வாங்குவது ஏமாற்றம். இதில் நட்டப்படுகிறவர் கலப்பில்லாமல் காய்ச்சும் கரும்பு விவசாயியும்தான். அவருடைய பழுப்பு வெல்லத்தை மண்டியில் மட்டமென்று ஒதுக்குகிறார்கள். குற்றம் ஆலைக்காரரிடம் மட்டும் இல்லை. கடைத் தட்டில் மஞ்சள் உருண்டையை நோக்கி நீளும் நம் கையிலும் இருக்கிறது.

வீட்டில் பார்க்கக்கூடிய சோதனைகள் சில. வெல்லத்தை நீரில் கரைத்துத் தெளியவிட்டால் சுண்ணாம்புத் தூளும் மண்ணும் அடியில் தங்கும். கரைத்த நீரில் எலுமிச்சைச் சாறு பிழிந்ததும் சுறுசுறுவென்று நுரைத்தால், சோடாவோ சுண்ணாம்புத் தூளோ மிகுதி என்று கொள்ளலாம். ஆனால் ஹைட்ராஸ் இந்தச் சோதனையில் சிக்காது. அதற்கு ஆய்வுக்கூடம்தான் வழி. பார்வைக்கு ஒரே சான்று, இயல்புக்கு மீறிய வெளிர் நிறம்.

2022ஆம் ஆண்டுப் பொங்கலை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அரசு 21 பொருள்கள் அடங்கிய தொகுப்பை ஏறத்தாழ 2 கோடியே 15 லட்சம் குடும்ப அட்டைகளுக்கு ரேஷன் கடைகள் மூலம் வழங்கியது. வெல்லம் இளகி ஒழுகுகிறது, சில பொருள்கள் தரமாக இல்லை என்று பல ஊர்களிலிருந்து புகார் எழுந்தது. தரமற்ற பொருள் தந்த நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுக்க முதலமைச்சர் உத்தரவிட்டார். அடுத்த ஆண்டு, 2023இல், தொகுப்பு ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு முழுக் கரும்பு, ரூ.1,000 என்று சுருங்கியது. வெல்லம் போய்ச் சர்க்கரை வந்தது. கோடிக்கணக்கான வீடுகளுக்கு ஒரே வாரத்தில் வெல்லம் சேர்க்க முற்பட்டால், நன்றாக உலராத, ஈரம் மிகுந்த சரக்கும் உடன் வந்துவிடும். ஈர வெல்லம் காற்றில் உள்ள ஈரத்தையும் இழுத்துக் கசியும், பூஞ்சாணமும் பிடிக்கும்.

ஐயமுள்ள பண்டத்தைச் சோதித்துப் பார்க்கும் உரிமை அதிகாரிக்கு மட்டும் உரியதல்ல. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின் 40ஆவது பிரிவின்படி, வாங்குகிறவரும் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் அந்த எண்ணத்தைத் தெரிவித்துவிட வேண்டும். கலப்படம் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். நமக்கு அருகில் பாளையங்கோட்டையில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் உள்ளது. அறிக்கை தர 14 நாள் அவகாசம் உண்டு என்பதால், போகியன்று வாங்கிய வெல்லத்தின் முடிவு பானை கவிழ்த்து வெகுநாள் கழித்தே வரும். மார்கழிப் பிறப்பிலேயே வாங்கி வைப்பவருக்கே இந்தச் சட்டம் பொங்கலுக்குள் உதவும். முன்கூட்டி வாங்கினால் வேறொரு பயனும் இருக்கிறது: வெளுத்த வெல்லம் கருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

கருப்பட்டி கொண்டு பொங்கல் இடும் வீடுகளும் உண்டு. பதநீர் இறங்கும் பருவம் பெரும்பாலும் மாசி பங்குனியில் தொடங்கி ஆவணி வாக்கில் முடிகிறது. ஆகையால் தை மாதத்தில் நல்ல கருப்பட்டி என்பது இருப்புக் கருப்பட்டியே. “நேற்றுக் காய்ச்சிய புதுக் கருப்பட்டி” என்று மார்கழியில் யாராவது கூடையை இறக்கினால், அதில் பதநீரைவிடச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்பதில் தவறில்லை.

மஞ்சள் தூளைப் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சளின் நிறத்தை ஏற்ற ஈயக் குரோமேட் பூசும் வழக்கம் பங்களாதேசத்தில் பரவியிருந்தது. 2019இல் அங்குச் சந்தையில் எடுத்த மாதிரிகளில் ஏறக்குறைய பாதியில் அது இருந்தது. அரசு சோதனையும் அபராதமும் கடுமையாக்கியதும் 2021இல் எடுத்த மாதிரிகளில் ஒன்றில்கூட இல்லை. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பானையில் கட்டும் மஞ்சள் குலையின் கிழங்கைத் தூக்கி எறியாமல் அவித்து உலர்த்தி இடித்து வைத்தால், சில வாரத்துக்குத் தூள் வாங்க வேண்டியதில்லை.

மார்கழி மழையில் நனைந்த தானியம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் கொட்டிய மழையை இந்த வட்டாரம் எளிதில் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. பொங்கலுக்கு ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில் இப்படி மழை விழுந்தால், காட்டில் நிற்கும் பயறும் மக்காச்சோளமும் கதிரிலேயே பூஞ்சாணம் பிடித்துவிடுகின்றன. அவ்வேளையில் விவசாயி இயல்பாகச் செய்வது என்ன? நல்லதை வியாபாரிக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, நிறம் மாறியதையும் முடைநாற்றம் அடிப்பதையும் “வீட்டுக்கு ஆகும், மாட்டுக்கு ஆகும்” என்று ஒதுக்குவது. இந்தச் சிக்கனம் ஆபத்தானது.

சில வகைப் பூஞ்சாணம் அஃப்லடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. அது ஈரலைத் தாக்கும். கழுவினாலும் வேகவைத்தாலும் வறுத்தாலும் முழுவதும் போகாது. 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பகுதியில், அறுவடைக் காலத்து மழையில் நனைந்த மக்காச்சோளத்தை உண்ட ஏழை மக்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மஞ்சள் காமாலை கண்டு இறந்தனர். மாட்டுக்குப் போட்டாலும் கதை முடிவதில்லை. நஞ்சின் ஒரு பகுதி பாலில் இறங்கிவிடும். அந்தப் பால்தான் பொங்கல் பானையில் பொங்குகிறது. ஆகவே பூஞ்சாணம் பிடித்ததை மாட்டுக்கும் கோழிக்கும் போடாமல் புதைத்துவிடுவதே சரி. கடலையிலும் சுருங்கிய, கருத்த, கசக்கும் பருப்பைப் பொறுக்கி எறிய வேண்டும். நல்ல பயறைப் பல்லில் கடித்தால் ‘டக்’ என்று உடையும் வரை காயவைத்து, அதாவது ஈரம் 10 சதவீதத்துக்கு இறங்கியபின், கட்டி வைக்க வேண்டும். காயவைப்பது உலர்களத்திலோ தார்ப்பாயிலோ இருக்கட்டும், தார்ச்சாலையில் வேண்டாம்.

போகியன்று வீடு துப்புரவு செய்யும்போது தானிய மூட்டைகளையும் புரட்டுவது வழக்கம். சில வீடுகளில் வண்டுக்கென்று அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைக் கடையிலிருந்து எப்படியோ வாங்கி மூட்டைக்குள் வைத்துவிடுகிறார்கள். 3 கிராம் மாத்திரை ஒன்று ஒரு கிராம் பாஸ்பீன் வாயுவை வெளிவிடும். மூடிய அறையில் படுத்திருப்பவர் உயிரைப் பறிக்க வல்லது அது. பயிற்சி பெற்ற நிபுணரின் மேற்பார்வையில், ஆள் குடியிராத கிடங்கில் மட்டுமே கையாள வேண்டிய பொருள் இது. வீட்டு இருப்புக்குக் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி வரை சமையல் எண்ணெய் தடவுவது போதும். விதைத்து மீந்த சோள விதையையும் மக்காச்சோள விதையையும் கழுவிச் சமைக்கக் கூடாது; இளஞ்சிவப்பாகத் தெரிவது பூஞ்சாணக் கொல்லி.

சந்தைக்குப் போகும் பையில் பூச்சிமருந்துப் புட்டியும் பொங்கல் சாமானும் ஒன்றாக வருவதையும் பார்க்கிறோம். 1958இல் கேரளத்தில் பாரத்தியான் என்ற பூச்சிமருந்து, உடன் ஏற்றி வந்த உணவு மூட்டைகளில் ஒழுகி, அதை உண்டவர்களில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பைகள் இரண்டாக இருக்கட்டும்.

மிஞ்சிய பொங்கலும் கரிநாளும்

பொங்கலன்று அளவு பார்த்துச் சமைப்பது யாருக்கும் வழக்கமில்லை. மிஞ்சத்தான் செய்யும். மிஞ்சியதைப் பெரிய பானையிலேயே மூடி வைப்பதில்தான் தவறு. சோற்றில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துக்கள் கொதியிலும் சாவதில்லை. பானையின் நடுவே வெதுவெதுப்பு நீடிக்கும்போது பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. மிஞ்சியதைத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் வைக்கலாம். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் வெண்பொங்கலையும் பால் சேர்த்த பொங்கலையும் அன்றே தீர்த்துவிடுவது நல்லது.

கரிநாளில் பாஞ்சாலங்குறிச்சிக்கும் தூத்துக்குடிக் கடற்கரைக்கும் வண்டி கட்டிப் போகும் குடும்பங்கள் கட்டுச்சோறு கொண்டு போகின்றன. புளிப்பும் நல்லெண்ணெயும் காக்கும் புளியோதரை மாலை வரை தாங்கும். தேங்காய்த் துவையல் தாங்காது. கறிச்சோறு கட்டுவோர் நண்பகலுக்குள் உண்டுவிட வேண்டும்.

மாட்டுப் பொங்கலன்று மாட்டுக்கும் இலை போடுகிறோம். அன்பு மிகுந்து ஒரு தூக்குப் பொங்கலை அப்படியே ஊட்டிவிடுவோரும் உண்டு. வைக்கோலும் சோளத்தட்டையும் தின்று பழகிய மாட்டின் பெருவயிற்றில் சோறும் வெல்லமும் ஒரேயடியாகச் சென்றால் அமிலம் பெருகி, அசை போடுவது நின்று, வயிறு உப்பி, மாடு படுத்துவிடும். பொங்கலுக்கு மறுநாள் கால்நடை மருந்தகங்களில் இத்தகைய மாடுகள் வருவது வாடிக்கை. மாடு ஒன்றுக்கு ஒரு கைப்பிடி போதும். அதையும் தீவனம் தின்றபின் கொடுக்க வேண்டும். கன்றுக்கு வேண்டியதில்லை. அசை நின்ற மாட்டுக்கு ஆப்பசோடாவை நீரில் கரைத்துப் புகட்டலாம். புரை ஏறாதபடி தலையை அதிகம் தூக்காமல் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். படுத்து எழாத மாட்டுக்குக் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல், விடுமுறை நாளானாலும் கால்நடை மருத்துவரை அழைத்து வர வேண்டும்.