பூல் ஸ்டிக் 'பின்' உடைஞ்சு போச்சா? தூக்கி போடாதீங்க! லேத் பட்டறையில் சரி செய்யலாம்

கோவை:

பூல் டேபிளில் வேகமாக ஒரு 'பிரேக்' அடிக்கும்போது 'படக்' என்று சத்தம் கேட்கும். கையில் இருந்த ஸ்டிக் இரண்டாக நிற்கும். உற்றுப் பார்த்தால் ஸ்டிக் உடைந்திருக்காது. இரண்டு துண்டையும் நடுவில் இணைக்கும், மரை போட்ட மரப் 'பின்'தான் முறிந்திருக்கும்.

'இனி விறகுக்குத்தான் ஆகும்' என்று பலர் தூக்கிப் போட்டு விடுகிறார்கள். செகண்ட் ஹேண்டில் ஸ்டிக் வாங்கி, வேலை முடிந்து ஒரு மணி நேரம் ஆடுபவர்களுக்கு இது பெரிய நஷ்டம். ஆனால் பின் உடைந்த ஸ்டிக்கை மறுபடி ஆட வைக்க முடியும். லேத் பட்டறைகளுக்குப் பேர் போன கோவையில் இதற்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை.

ஏன் உடைகிறது?

சில வகை ஸ்டிக்குகளில் மரப் பின் இருக்கும். கைப்பிடித் துண்டில் இருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பின், முனைத் துண்டில் உள்ள மரையில் ஏறி உட்காரும். பின் தொடங்கும் அடிப்பகுதியில் மரம் திடீரென்று ஒல்லியாகிறது. அடிக்கும் அடியின் அதிர்ச்சி எல்லாம் அந்த இடத்தில்தான் இறங்கும். ஈரத்தில் மரம் ஊதி மரை இறுகிவிட்டால், அதை முரட்டுத்தனமாகத் திருகும்போதும் அங்கேதான் முறியும்.

பசை போட்டால் போதுமா?

போதாது. உடனே ஒட்டும் பசையை விட்டு ஒட்டினால் முதல் நாள் நன்றாகத்தான் இருக்கும். அந்தப் பசை காய்ந்ததும் மொறுமொறுப்பாகிவிடும். நாலு அடி விழுந்தால் மறுபடி கையோடு வந்துவிடும். அதோடு பசை மரைக்குள் வழிந்துவிட்டால் பிறகு செய்யும் வேலையும் கெட்டுப் போகும்.

செய்யும் முறை வருமாறு:-

முதலில் முனைத் துண்டுக்குள் மாட்டிக்கொண்ட உடைந்த பாகத்தை எடுக்க வேண்டும். நடுவில் சிறிய ஓட்டை போட்டு, பட்டறைகளில் இருக்கும் 'ஈஸி அவுட்' கொண்டு இடது பக்கம் திருகினால் வந்துவிடும். சுத்தியலால் தட்டக் கூடாது. முனை பிளந்துவிடும்.

அடுத்து கைப்பிடித் துண்டை லேத்தில் மாட்டி, உடைந்த முகத்தை லேசாகச் சமப்படுத்த வேண்டும். பிறகு நட்ட நடுவில் ஒன்றரை அங்குல ஆழத்துக்கு ஓட்டை போட வேண்டும். சிறிய டிரில்லில் தொடங்கி படிப்படியாகப் பெரிதாக்குவது நல்லது.

புது பின்னாக 5/16 அங்குல இரும்புத் திருகுக் கம்பி போடலாம். அங்குலத்துக்கு 18 மரை உள்ள இந்த அளவு பூல் ஸ்டிக்குகளில் சாதாரணமாகப் பயன்படுவதுதான். முனைத் துண்டின் பழைய ஓட்டை பெரிதாக இருக்கும். அதை மரக்கட்டையால் அடைத்து ஒட்டி, காய்ந்த பிறகு மறுபடி ஓட்டை போட்டு, அதே மரை உள்ள பித்தளை புஷ் பதிக்க வேண்டும்.

மரப் பின்தான் வேண்டும் என்றால் கருவேலம் போன்ற உறுதியான மரம் தேவை. ரேகை நீளவாக்கில் நேராக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் மறுபடி முறியும்.

ஒட்டுவதற்கு இரண்டு டியூப் கலக்கும் எபாக்ஸி பசை ஏற்றது. பின்னின் பக்கவாட்டில் நீளமாக ஒரு கீறல் போட்டுக் கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டைக்குள் சிக்கும் காற்று பின்னை வெளியே தள்ளிவிடும். ஒட்டிய பிறகு 24 மணி நேரம் தொடக் கூடாது.

ஒரு டிகிரி சாய்ந்தாலும்...

இந்த வேலையில் உயிர்நாடி சென்டர்தான். பின் ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால் போதும், 29 அங்குல நீளமுள்ள முனைத் துண்டின் நுனி சுமார் அரை அங்குலம் விலகி நிற்கும். அப்புறம் எப்படிக் குறி பார்த்தாலும் பந்து வேறு பக்கம்தான் போகும். கையால் பிடித்து டிரில் போட்டால் இதுதான் கதி.

கைப்பிடித் துண்டு ஒரு பக்கம் தடித்து, மறு பக்கம் மெலிந்து இருக்கும். எனவே லேத்தில் இரண்டு முனையிலும் தாங்கல் கொடுக்க வேண்டும். இரும்பு வேலை மட்டும் செய்பவர் சக்கை இறுக்கினால் மரம் நசுங்கும். துணியோ டேப்போ சுற்றச் சொல்லுங்கள். தடித்த பக்கம் சுமார் 31 மில்லிமீட்டர் இருக்கும். அது லேத்தின் ஓட்டைக்குள் நுழையுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

காசு கொடுப்பதற்கு முன்...

ஸ்டிக்கை மாட்டி டேபிள் மீது உருட்டிப் பாருங்கள். நுனி துள்ளாமல் உருள வேண்டும். இணைப்பில் வெளிச்சம் தெரியக் கூடாது. இரண்டில் ஒன்று தப்பினாலும் திருப்பிக் கொடுத்துச் சரி செய்யச் சொல்லலாம். இரும்புப் பின் போட்டால் எடை கொஞ்சம் கூடும். இரண்டு நாள் ஆடினால் கை பழகிவிடும்.

இனி உடையாமல் இருக்க, கழற்றும்போது இணைப்புக்கு இரு பக்கமும் கிட்டப் பிடித்துத் திருகுங்கள். மரப் பின் மரையில் லேசாக மெழுகு தடவுங்கள். வெயிலில் நிற்கும் வண்டியில் ஸ்டிக்கை வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஆட்டத்துக்கு நடுவே அதை ஊன்றுகோலாக்கி அதன் மேல் சாய்ந்து நிற்கவும் வேண்டாம்.