காரின் மூக்கில் ஒரு கம்பி!

காருக்கும் மூச்சு உண்டு!

ஒரு லிட்டர் பெட்ரோல் சரியாக எரிய, சுமார் 9 ஆயிரம் லிட்டர் காற்று வேண்டும். காற்று குறைந்தால் கரும்புகை கக்கும். கூடினால் இழுவை இராது.

இந்தக் காற்றை அளக்கப் பல கார்களில் ஒரு கருவி இருக்கிறது. அதன் பெயர் 'ஏர்-புளோ சென்சார்'. அதில் முடி போன்ற மெல்லிய கம்பி ஒன்று உண்டு. மின்சாரம் அதைச் சூடாகவே வைத்திருக்கும்.

சூடான காபியை ஊதினால் ஆறுகிறது அல்லவா? அதுபோல, காற்று பட்டதும் கம்பி ஆறும். உடனே கூடுதல் மின்சாரம் பாய்ந்து, பழைய சூட்டுக்குக் கொண்டு வரும். எவ்வளவு மின்சாரம் கூடியது என்று பார்த்து, காரில் உள்ள கம்ப்யூட்டர் காற்றைக் கணக்கிடும். அதற்கு ஏற்றபடி பெட்ரோலை விடும். எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில்!

இதற்கு எமன், தூசி.

சென்னையில் இருந்து கும்பகோணம் போகும் வழியில் இருக்கிறது, மீன்சுருட்டி. சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டு ஆலைகளும் நிறைந்த அரியலூர் மாவட்டத்து ஊர். லாரிகள் கிளப்பும் புழுதியும் காற்றோடு காருக்குள் வரும். காற்று வடிகட்டி கிழிந்திருந்தால், அது கம்பியில் படியும். கம்பி சரியாக ஆறாது. கணக்கு தப்பும். மேட்டில் கார் திணறும். "எஞ்சினே போச்சு!" என்று வீட்டுக்காரர் பதறுவார். போனது வடிகட்டிதான்!

கம்பியைத் துணியால் துடைக்காதீர்கள். அறுந்துவிடும். அதற்கென்று விற்கும் திரவத்தைத் தெளித்து, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும்.