தொலைந்துபோகும் துடிப்புகள்

1981 டிசம்பர் 31 இரவு. ஈப்போவில் மணி 11:30 ஆனதுமே நள்ளிரவாகிவிட்டது. சபா, சரவாக்கோடு ஒரே நேரத்துக்கு வருவதற்காகத் தீபகற்ப மலேசியா முழுவதும் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவைத்தார்கள். ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்தின் ரப்பர் தோட்டங்களில் பால்மரத்துக்கு அது தெரியாது. விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் அதற்குப் பால் நன்றாக ஓடும். மனிதர் எண்ணும் நேரம் தாவியது, வெளியே ஓடும் நேரம் தாவவில்லை.

ஒரு நிஜக் கணினிக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினிகளில் இந்தப் பிசகு ஓயாமல் எட்டிப்பார்க்கிறது.

கணினிக்குத் தானாக மணி தெரியாது. பழைய ஐபிஎம் பிசியின் டைமர் சில்லு நொடிக்கு 1,193,182 முறை துடிக்கும். 65,536 துடிப்புக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 18.2 முறை, செயலியின் வேலையை நிறுத்தி ஒரு தட்டு தட்டும். அதுதான் டைமர் இண்டரப்ட். தட்டுகளை எண்ணித்தான் இயங்குதளம் மணி சொல்லும். லினக்ஸ் 2.6 வந்தபோது அது நொடிக்கு 1000 தட்டுகளை எதிர்பார்த்தது.

ஒரே இயந்திரத்தில் பத்து மெய்நிகர் கணினிகள் ஓடினால், செயலி முறைவைத்துத்தான் கிடைக்கும். ஒன்று 50 மில்லிநொடி காத்திருந்தால் 50 தட்டுகள் குவிந்துவிடும். அவை ஒரே தட்டாகப் போய்ச் சேர்ந்தால், உள்ளேயிருக்கும் கடிகாரம் 49 மில்லிநொடி பின்தங்கும்.

குவிந்ததை அடுத்தடுத்துக் கொடுத்தால் எண்ணிக்கை தப்பாது. ஆனால் அந்தக் கணம் உள்ளே நேரம் தலைதெறிக்க ஓடும். அவற்றை விட்டுவிட்டுக் கடிகாரத்தை முன்னே தள்ளினால், இடையில் குறித்து வைத்த வேலைகள் அந்த 1981 இரவின் 11:45 போல வராமலே போகலாம். இன்னொரு வம்பும் உண்டு. சில இயங்குதளங்கள் தட்டு விடுபட்டதை வேறொரு எண்ணியைப் பார்த்துத் தாமே ஈடுகட்டிக்கொள்ளும். அவற்றுக்கு விடுபட்ட தட்டுகளையும் கொடுத்தால் இரட்டைக் கணக்காகிக் கடிகாரம் முந்திவிடும்.

நினைவகம், வட்டு, திரை எல்லாவற்றையும் போலியாகச் செய்யலாம். நிறுத்திவைத்தால் அவை காத்திருக்கும். வெளியுலக நேரம் காத்திருக்காது. அதனால்தான் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் கேவிஎம் போன்ற மென்பொருள்கள் போலி டைமர் சில்லை மட்டும் நம்புவதில்லை. சரியான நேரத்தை நினைவகத்தின் ஓரிடத்தில் எழுதிவைத்து, உள்ளேயிருக்கும் லினக்ஸ் நேராகப் படித்துக்கொள்ள விடுகின்றன. அதற்கு லினக்ஸ், தான் ஓடுவது மெய்நிகர் கணினியில் என்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும்.