கொட்டேஷனில் ஒரு சொல்

துவரம் பருப்பு மூட்டை வந்தால் 'நல்ல சரக்கு' என்று சொன்னதை நம்பி இறக்கி விடுகிறோமா? குத்தூசி போட்டு எடுத்து, வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கிறோம். பில் போடும் சாஃப்ட்வேர் வாங்கும்போது மட்டும், 'கம்பேட்டிபிள்' என்று ஆங்கிலத்தில் அடித்திருந்தால் பேசாமல் கையெழுத்துப் போட்டு விடுகிறோம்.

நாமும் அப்படிப் போட்டவர்கள்தாம். 'எல்லா தெர்மல் பிரிண்டருக்கும் கம்பேட்டிபிள்' என்றது கொட்டேஷன். பில் வந்தது, கணக்கும் சரி. ஆனால் உளுத்தம் பருப்பு இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள்! கேட்டால், "பிரிண்டர் ஓடுகிறதே, சார்" என்றார்கள். அவர்கள் எழுதியதில் பொய் இல்லை. இந்த பிரிண்டர்களில் பெரும்பாலானவை எப்ஸான் கம்பெனி வகுத்த கட்டளைகளுக்குக் கீழ்ப்படியும்; தாளை வெட்டும், கல்லாப் பெட்டியைத் திறக்கும். தமிழ் எழுத்து பலவற்றின் உள்ளே கிடையாது. சாஃப்ட்வேர்தான் அதைப் படமாக்கி அனுப்ப வேண்டும். அதற்குத் தனியாகப் பணம் கட்டினோம்.

இந்தச் சொல் ஆதியிலிருந்தே தாராளமானது. 1981-ல் ஐ.பி.எம். பி.சி. வந்தபின், அதன் புரோகிராம்கள் ஓடும் பிற கம்பெனி கம்ப்யூட்டர்களை 'ஐ.பி.எம். கம்பேட்டிபிள்' என்று விற்றார்கள். எவ்வளவு ஓடும் என்பது வாங்கியவர் பாடு.

ஆகவே சொல்லைப் பார்த்து வாங்க வேண்டும். 'ரன்ஸ் ஆன்' என்றால் ஓடும், அவ்வளவே. 'டெஸ்டட் ஆன்' என்றால் அவர்கள் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். 'சப்போர்ட்டட் ஆன்' என்றால், கோளாறு வந்தால் கவனிப்பது தங்கள் பொறுப்பு என்கிறார்கள். நமக்கு வேண்டியது இதுதான். எத்தனை வருடத்துக்கு என்பதையும் எழுதி வாங்குங்கள்.

'மினிமம்' என்பதிலும் ஏமாற வேண்டாம். விண்டோஸ் 11-க்கு மினிமம் 4 ஜி.பி. ராம் என்பது விண்டோஸுக்கு மட்டும் சொன்னது, பில்லிங்குக்கு அல்ல. 'விண்டோஸ் 10' என்று மட்டும் எழுதியிருந்தால் 'ஆர் லேட்டர்' சேர்க்கச் சொல்லுங்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்து விட்டது. 'டேலி கம்பேட்டிபிள்' என்றால், கணக்கை டேலிக்கு அனுப்புமா, அங்கிருந்து எடுக்குமா, இரண்டுமா என்று கேளுங்கள். உங்கள் ஆடிட்டருக்குத் தேவை அனுப்புவதுதான்.

அடுத்த முறை வந்த விற்பனைப் பிரதிநிதியிடம் நாம் கொட்டேஷன் கேட்கவில்லை. நமது கடை பிரிண்டரையே முன்னால் வைத்து, 'உளுத்தம் பருப்பு அரை கிலோ' என்று ஒரு பில் போடச் சொன்னோம். அது தமிழில் வந்த பிறகுதான் அட்வான்ஸ் கொடுத்தோம்.